சலவைக்கூடத்து மெட்டு

கமில்லா அக்கா இறந்த மறுவாரம் மடத்தின் இறந்தோர் ஏட்டில் அவளைப் பற்றிப் பதினோரு வரி எழுதினேன். சாயக்காரரின் மகள். பதிமூன்று வயதில் சாந்தா அமாத்தா மடத்துக்கு வந்தவள். ஆர்கன் வாசித்தவள், மெட்டுப் போட்டவள். பன்னிரண்டு பாடல்கள் கொண்ட அவளுடைய புத்தகம் வெனிஸில் அச்சாகியது. நல்ல மரணம். இப்படிப் பதினோரு வரி. அதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் எழுதி முடித்துப் பேனாவைத் துடைக்கும்போது எனக்குக் கை கூசியது. சொல்லவேண்டியது எதையும் நான் அதில் சொல்லவில்லை.

என் பெயர் லிவியா. மடத்தில் இசைத்தாள் நகலெடுப்பது என் வேலை. கமில்லாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவள் முணுமுணுப்பதை நான் எழுதுவேன், குரல் குரலாகப் பிரித்து, பாடுகிறவர்களுக்குத் தாள் கொடுப்பேன். அவள் மனதில் ஒரு மெட்டு வந்தால், அவளுக்கு அடுத்தபடியாக அதைக் கேட்கிற ஆள் நான்தான்.

கமில்லாவை மடம் எடுத்துக்கொண்டதே விரல்களுக்காகத்தான். மடத்தில் சேரத் தரவேண்டிய முழுச் சீதனத்தைச் சாயக்காரரால் கொடுக்க முடியவில்லை. பாதி போதும், பெண் ஆர்கன் வாசிக்கட்டும் என்றார்கள். அது அவளுக்குக் கடைசிவரை உறுத்தியது. மற்ற கன்னியர் பிரபுக்களின் மகள்கள், வியாபாரிகளின் மகள்கள். அவள் மட்டும் வாசித்துச் சாப்பிடுகிறவள் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் அப்படி நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கோயில் நடுச்சுவரால் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஊர் ஜனம். பீடத்துக்கு மேலே கம்பிக் கிராதி. அவர்களால் எங்களைப் பார்க்க முடியாது, கேட்க மட்டும் முடியும். கமில்லா இருபது வருஷமாக அவர்களுக்காக மெட்டுப் போட்டாள். யாரும் குறை சொல்ல முடியாத பாட்டுகள். யாரும் வீட்டுக்குப் போகிற வழியில் முணுமுணுக்காத பாட்டுகளும்கூட. அது அவளுக்கே தெரியும்.

"என் பாட்டெல்லாம் கஞ்சி போட்டு மடிச்ச துணி மாதிரி, லிவியா. மடிப்பு நல்லாத்தான் இருக்கு. உள்ள ஆளத்தான் காணோம்" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயதான குளிர்காலத்தில் விரல்கள் வீங்கி வெடித்தன. ஆர்கன் கட்டைகள் பனிக்கட்டி மாதிரி இருந்தன. சலவைக்கூடத்தில் துணி வேகவைக்கும் அண்டாவின் பக்கத்தில் கையைக் காட்டினால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போக ஆரம்பித்தாள். எங்களைப் போன்ற கறுப்பு முக்காட்டுக் கன்னியர் அங்கே போவதில்லை. அது வெள்ளை முக்காட்டுக்காரிகளின் இடம். அவர்கள் சீதனம் இல்லாமல் வந்தவர்கள். சமையல், சலவை, கோழி, தோட்டம் எல்லாம் அவர்கள் தலையில். எங்களோடு நின்று பாடவும் அவர்களுக்கு உரிமை கிடையாது.

சலவையில் மெங்கா என்று ஒருத்தி இருந்தாள். போ என்கிற ஆற்றுக்குத் தெற்கே நெல் சதுப்பிலிருந்து வந்தவள். அகலமான தோள், சாம்பல் தண்ணீரில் ஊறிச் சிவந்த முழங்கை. ஒரு போர்வையைத் தனியாளாக முறுக்கிப் பிழிவாள். அவள் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி ஆழமாக இருக்கும். சமையற்கட்டில் அவளை "தாத்தா" என்று கிண்டல் செய்வார்கள். "தாத்தாவுக்குப் பசிக்குதாம், ரொட்டியக் குடுங்கடி" என்பார்கள். அவளும் அடித்தொண்டையில் கனைத்துக் காட்டிச் சிரிப்பாள்.

ஒருநாள் காலை கமில்லா என் அறைக்கு ஓடி வந்தாள். மடத்தில் யாரும் ஓடக்கூடாது. அவள் ஓடி வந்தாள். அங்கியில் சாம்பல் நாற்றம்.

"தாள எடு. எழுது, எழுது, மறந்துடும்."

பாடினாள். நான் எழுதினேன். படிப்படியாக இறங்குகிற மெட்டு. இங்கே நின்றுவிடும் என்று நினைக்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு படி இறங்கியது. என் கை நின்றுவிட்டது. கமில்லாவிடமிருந்து அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

"இது யாருது அக்கா?"

"கேட்டது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "மெங்கா துணி பிழியும்போது பாடுறா. என்ன சொல்றான்னு ஒண்ணும் புரியல, அந்த சதுப்பு பாஷை. ஆனா இந்த எறக்கத்தப் பாரேன்" என்றாள்.

எனக்கு அன்றைக்கே தெரியும். அதைத்தான் இங்கே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த மெட்டை வைத்து வியாகுல மாதா திருநாளுக்கு மூன்று குரலுக்கு ஒரு லத்தீன் பாட்டு அமைத்தாள். அமைப்பு முழுக்க அவளுடைய வேலை. ஒரு குரல் இறங்கும்போது இன்னொன்று அதைத் தாங்குகிற விதம், நடுவில் ஆர்கன் மட்டும் தனியாக நிற்கிற இடம், இதெல்லாம் இருபது வருஷப் பாடு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உயிர் மெங்காவுடையது.

திருநாளன்று பாட்டு முடிந்தபோது கிராதிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. பிறகு ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள், பிறகு இன்னொருத்தி. பூசை முடிந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பாட்டைக் கேட்கவே மிலானிலிருந்து வண்டி வந்தது.

மெங்கா அதை எங்கள் பக்கக் கோயிலின் கடைசியில், வெள்ளை முக்காட்டுக்காரிகளோடு மண்டியிட்டுக் கேட்டாள். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் நடையில் கமில்லாவை மறித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"தாயே, என் மெட்ட பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டீங்களே! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

கமில்லா அந்த நேரத்தில் "ஆமாம் மெங்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுற்றிலும் கன்னியர் நடந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அரைமணி நேரத்துக்கு முன் அவள் கையைப் பிடித்துப் பாராட்டியவர்கள்.

"அப்படியா? உன் பாட்டு மாதிரியா இருந்துச்சு?" என்றாள் கமில்லா. "சில சமயம் அப்படி ஒத்துப்போறதுதான்."

மெங்காவின் சிரிப்பு உடனே போகவில்லை. புரியாதது மாதிரி கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு, "சரிங்க தாயே" என்று ஒதுங்கி வழிவிட்டாள். துணி பிழியும்போது பாடுவதை அவள் நிறுத்தவில்லை. அதுதான் வினையாயிற்று.

சலவைக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் மதகு திறக்கக் காத்துக்கிடக்கும். படகுக்காரர்களுக்கு மெங்காவின் மெட்டு பிடித்துப்போயிற்று. வார்த்தை புரியாததால் அவர்களே வார்த்தை போட்டுக்கொண்டார்கள். கன்னிமடமும் கயிற்று ஏணியும் வருகிற வார்த்தைகள். ஒரே வசந்தகாலத்தில் ஆற்றங்கரைச் சாராயக் கடை எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது. அடுத்த திருநாளில் எங்கள் பாட்டு தொடங்கியதும் வெளிப்பக்கம் பின்வரிசையில் ஆண்கள் சிரித்தார்கள். அடக்கப் பார்த்தும் முடியாத சிரிப்பு. ஆர்கன்மேல் கமில்லாவின் கை தடுமாறியது. பாட்டு நிற்கவில்லை, முடிந்தது. ஆனால் அவள் கழுத்து சிவந்திருந்ததைப் பக்கவாட்டில் நின்ற நான் பார்த்தேன்.

பத்து நாளில் ஆயரின் பிரதிநிதியான விகார் வந்தார். மான்சிஞ்ஞோர் கஸ்பாரே என்று பெயர். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். கத்தியிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொருவரையாகப் பார்வையாளர் அறைக்குக் கூப்பிட்டார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே கிராதி. எழுத்தர் ஒருவர் எல்லாவற்றையும் எழுதினார். விசாரணைக்கு மடத்தின் சார்பில் நகலெழுதும் கடமை எனக்கு இருந்ததால் நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"சாராயக் கடைப் பாட்டு திவ்ய பூசைக்குள்ள எப்படி வந்துச்சு, சிஸ்டர்?" என்று கமில்லாவைக் கேட்டார்.

அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஊர் மடத்தில் ஒரு நடன மெட்டை வாசித்ததற்காக ஆர்கனுக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள். கமில்லாவின் புத்தகம் அப்போதுதான் வெனிஸ் அச்சகத்துக்குப் போயிருந்தது.

"கடைப் பாட்டு கோயிலுக்கு வரல, சாமி" என்றாள் கமில்லா. "கோயில் பாட்டுதான் கடைக்குப் போச்சு. மெட்டு என்னோடது."

"யாரு கொண்டுபோனா?"

கமில்லா ஒருமுறை என் பக்கம் பார்த்தாள்.

"சலவைல ஒருத்தி இருக்கா. கோயில்ல கேட்டுட்டுப் போயி, வாய்க்கால் பக்கம் நின்னு பாடியிருக்கா. அந்த வார்த்தையெல்லாம் அவ போட்டதா இருக்கும்."

"இருக்குமா, இல்ல தெரியுமா?"

"அவ பாடுறத நானே கேட்டிருக்கேன். கேட்கவே கூசுற வார்த்தைங்க, சாமி."

மெங்கா பாடுகிற வார்த்தைகளில் கமில்லாவுக்கு ஒன்றுகூடப் புரிந்ததில்லை. என்னிடம் அவளே சொல்லியிருந்தாள்.

விகார் என் பக்கம் திரும்பினார். "நகல் எழுதறது நீதானே? இது யாரு போட்ட மெட்டு?"

"சிஸ்டர் கமில்லா பாடினாங்க, நான் எழுதினேன், சாமி" என்றேன். சத்தியமான வாக்கியம். எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன் என்பது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு மெங்காவைக் கூப்பிட்டார்கள். கைகளை முன்கட்டுத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். கமில்லா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வாய்க்கால் பக்கம் பாடுவியா?"

"பாடுவேன் சாமி. வேல செய்யறப்போ."

"இந்த மெட்டுதானா?" எழுத்தர் மூக்கால் இரண்டு வரி பாடிக்காட்டினார்.

"அதேதான் சாமி. நீங்க கொஞ்சம் வேகமாப் பாடுறீங்க."

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. எனக்குத் தானா வந்துச்சு."

எழுத்தர் சிரித்துவிட்டார். விகார் சிரிக்கவில்லை. "வெனிஸ்ல அச்சுக்குப் போயிருக்கிற பாட்டு உனக்குத் தானா வந்துச்சா? துணி தோய்க்கறப்போ?"

மெங்கா கமில்லாவைப் பார்த்தாள். கமில்லா தரையைப் பார்த்தாள். மெங்கா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

"ஆமா சாமி" என்றாள் மெங்கா, இன்னும் தாழ்ந்த குரலில். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. வார்த்தைகளைப் பற்றிக் கேட்டபோதும் திறக்கவில்லை.

அசிங்கப் பாட்டுக்கு ஒரு தண்டனை, பொய்க்கும் கர்வத்துக்கும் இன்னொன்று. ஒரு வருஷம் அவள் வாயில் பாட்டே வரக்கூடாது, செபப் பாட்டு உட்பட. மூன்று மாதம் வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாட்டு அறை வாசற்படியில் குறுக்கே படுத்திருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. மெங்கா பெரிய உடம்புக்காரி. வாசற்படி குறுகல். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் எடுத்து வைத்தால்தான் தாண்ட முடியும். சிலர் கவனமாகத் தாண்டினார்கள். சிலர் வேண்டுமென்றே கால் நுனியால் இடித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன், ஒருமுறை அவள் கையை மிதித்துவிட்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. கமில்லா முதல் வெள்ளிக்கிழமை தாண்டினாள். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் தனக்கு உபவாசம் என்று சொல்லி அறையிலேயே இருந்துவிட்டாள். அவளுடைய பக்தியை எல்லாரும் மெச்சினார்கள்.

புத்தகம் வந்தது. முதல் பாட்டே அதுதான். தோல் அட்டை, தங்க எழுத்து. தலைவி மதர் இப்போலித்தா அதைப் பார்வையாளர் அறையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கமில்லா ஒருமுறைகூட அதைப் புரட்டி நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் வரவில்லை. பாஸ்கா திருநாளுக்குப் புதுசாக ஒன்று வேண்டும் என்று மதர் கேட்பார். கமில்லா தாளோடு உட்காருவாள். நாலு சுரம் முணுமுணுத்துவிட்டு, "இது எங்கயோ கேட்டது" என்று நிறுத்திவிடுவாள். நான், "இல்ல அக்கா, புதுசுதான்" என்பேன். "உனக்கு எப்படித் தெரியும்? யார்ட்டயிருந்து எடுத்தேன்னு எனக்கே தெரியலயே" என்பாள். தலைவலி என்று வெளியே சொன்னோம். ஐந்து வருஷம் பழைய பாட்டுகளை மாற்றி மாற்றிப் பாடினோம். ஊர் ஜனம் கேட்டதென்னவோ எப்போதும் அந்த ஒன்றைத்தான்.

மெங்காவின் ஒரு வருஷத் தடை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவள் திரும்பப் பாடவில்லை. சலவைக்கூடத்தில் துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். சமையற்கட்டில் யாரும் அவளைத் தாத்தா என்று கூப்பிடுவதும் இல்லை.

ஐந்தாம் வருஷம், குற்றம் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் கமில்லா எழுந்து நடுவில் மண்டியிட்டாள். வாரந்தோறும் நாங்கள் அங்கே சொல்லுகிற குற்றங்கள் சின்னவை. பாத்திரம் உடைத்தேன், செபத்தில் தூங்கினேன். அவள், "விகார் சாமிகிட்ட நான் பொய் சொன்னேன். அந்த மெட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"போதும்" என்றார் மதர் இப்போலித்தா. "எந்திரிச்சுப் போய் உட்காரு."

"மதர், நான் இன்னும் சொல்லி முடிக்கல."

"முடிக்க வேணாம். அது தீர்ந்துபோன விஷயம். நீ இதச் சொன்னா அந்த மனுஷன் நம்ம ஆர்கனப் பூட்டுவாரு, உன்னோட சேத்து எங்க எல்லார் வாயையும் பூட்டுவாரு. உன் மனசு லேசாகறதுக்கு முப்பது பேரு ஊமையாகணுமா? உட்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்தில் என்னிடம், "இவ்ளோ சுலபமா உட்கார்ந்துட்டேன் பாரு" என்றாள்.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனாள். ஐந்து வருஷத்தில் முதல்முறை. என்னையும் கூட வரச் சொன்னாள். தனியாகப் போகப் பயம் என்று நினைக்கிறேன். மெங்கா அண்டாவில் துணியைக் கிளறிக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. கமில்லா ஒன்றும் பேசாமல் ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தாள்.

மெங்கா மறுமுனையைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க முறுக்குனா அடுத்த திருநாளுக்குக்கூடக் காயாது தாயே. விட்டுருங்க."

கமில்லா அங்கேயே, ஈரத்தரையில் மண்டியிட்டாள். "உன் மெட்ட நான் எடுத்துக்கிட்டேன், மெங்கா. என்னோடதுன்னு சொன்னேன். உன்னப் படியில போட்டு மிதிக்க வெச்சேன்."

"தெரியுமே" என்றாள் மெங்கா.

"மன்னிச்சிரு."

மெங்கா துடுப்பை அண்டாவின் விளிம்பில் சாய்த்துவைத்தாள். கோபமாகப் பேசவில்லை. நிதானமாக, மெல்லத்தான் பேசினாள்.

"மெட்டு போனா போவுது தாயே. கோயில்ல கேட்டப்போ எனக்குச் சந்தோசம்தான். பொய்க்காரின்னாங்க, அதுவும் போவுது. நான் அசிங்க வார்த்த போட்டேன்னு சொன்னீங்களே. அது என்ன வார்த்தன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கமில்லா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எங்கம்மா காய்ச்சல்ல செத்தப்போ எனக்கு அஞ்சு நா கழிச்சுத்தான் சேதி வந்துச்சு. வெளிய விடமாட்டாங்களே. புதைக்கப் போகல. மூஞ்சியப் பாக்கல. அதான் இங்க நின்னுட்டு அவகிட்டப் பேசுனேன். தண்ணிக்குள்ள நிக்காத, கால் வலிக்கும், கரையேறு, அடுப்பு மூட்டியிருக்கேன்னு. அவ்ளோதான் வார்த்த. சதுப்புல நாள் பூரா முழங்கால் தண்ணில நின்னவ அவ." கையிலிருந்த ஈரத்தை உதறினாள். "அதப் போய் அப்படிச் சொல்லிட்டீங்க. எழுத்தர் சாமி தாள்ல எழுதியிருக்காரு. அதத்தான் என்னால தாண்ட முடியல."

கமில்லா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"எனக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல" என்றாள் மெங்கா. துடுப்பை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கே கமில்லா விகாருக்குக் கடிதம் எழுதினாள். மதருக்குக் காட்டாமல், பாவசங்கீர்த்தனம் கேட்க வருகிற குருவின் கையில் கொடுக்க ஏற்பாடு. எழுதியதை என்னிடம் படித்துக்காட்டினாள். மெட்டு மெங்காவுடையது, பொய் சொன்னது நான், அவள் பாடிய வார்த்தைகள் இவை. மூன்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"உன் பேரப் போடல" என்றாள். சிறிது நேரம் காத்திருந்தாள். பேனா மேசைமேல்தான் இருந்தது. மை காயவில்லை. எனக்கும் தெரியும் என்று அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "சரி அக்கா" என்றேன். அவள் கடிதத்தை மடித்தாள்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. மதர் சொன்னபடியே ஆயிற்று. எங்கள் ஆர்கனுக்குப் பூட்டு. ஒற்றைக் குரல் செபப்பாட்டு தவிர எதுவும் கூடாது. கமில்லா இனி மெட்டுப் போடக்கூடாது, கறுப்பு முக்காட்டுக்காரிகள் வரிசையில் கடைசி இடம், வெள்ளிக்கிழமை தோறும் வாசற்படி, ஒரு வருஷம். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி, சலவைப் பணியாள் மெங்கா குற்றமற்றவள், அவள் பெயருக்கு எதிரான பதிவு நீக்கப்பட்டது. குற்றம் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் மதர் முதல் பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்தக் கடைசி வரியை மட்டும் வேகமாக விழுங்கிவிட்டார்.

வெள்ளை முக்காட்டுக்காரிகள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அதனால் நான்தான் போய் மெங்காவிடம் சொன்னேன். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "நீக்கப்பட்டதுன்னா, கிழிச்சுட்டாங்களா?" "கோடு போட்டு அடிச்சிருப்பாங்க." "அப்போ அடியில இன்னும் தெரியும்" என்றாள். ஆனாலும் தலையை ஆட்டி, முன்கட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதே இடத்தில் நானும் என் பங்கைச் சொல்லியிருக்கலாம். துணி எடுக்க வந்தவள் மாதிரி இரண்டு தலையணை உறையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கமில்லாவை மடத்தில் யாரும் மன்னிக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். "உன் மனச்சாட்சிய எங்க தொண்டையில போட்டுட்டியே" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். வெளியிலிருந்து வண்டிகள் வருவது நின்றது. ஒரு வருஷம் வெள்ளிக்கிழமைகளில் அவள் படியில் கிடந்தாள். மெங்காவை இடித்த அதே கால்கள் அவளையும் இடித்தன. வெள்ளை முக்காட்டுக்காரிகள் வேறு வாசல் வழியாக வந்துபோகிறவர்கள், அவர்களுக்குத் தாண்டவேண்டிய அவசியமில்லை. மெங்கா அந்தப் பக்கமே வரவில்லை.

இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆகவில்லை. திங்கட்கிழமைகளில் கமில்லா சலவைக்கூடத்துக்குப் போய்ச் சாம்பல் சலிப்பாள். மெங்கா வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். "அது ஈர சாம்பல் தாயே, இத எடுங்க" என்கிற அளவுக்குப் பேச்சு. ஏழு வருஷம் கழித்துப் புது ஆயர் வந்து பூட்டைத் திறந்தார். அதற்குள் கமில்லாவின் விரல்கள் கோணிப்போயிருந்தன. ஆனாலும் நாலைந்து சின்னப் பாட்டுகள் போட்டாள். எளிமையான பாட்டுகள், ஒற்றைக் குரலுக்கு. எனக்குப் பிடித்திருந்தன. ஊர் ஜனத்துக்குப் பிடிக்கவில்லை. பழைய பாட்டுதான் வேண்டும் என்று மதருக்குச் சொல்லி அனுப்பினார்கள். கமில்லா மறுத்துவிட்டாள். மெங்காவைக் கேட்காமல் முடியாது என்றாள். மெங்காவைக் கேட்டார்கள். "வேணாம்" என்றாள் மெங்கா. அத்தோடு முடிந்தது.

மெங்கா அந்தக் குளிர்காலத்திலேயே நெஞ்சுச் சளியில் இறந்துபோனாள். ஐந்து வருஷம் கழித்துக் கமில்லா படுத்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம், அவித்த கஷ்கொட்டையை உரித்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, "அக்கா, அன்னைக்கு சாமி கேட்டப்போ நானும் பொய்தான் சொன்னேன்" என்றேன். பதினேழு வருஷம் கழித்து.

"தெரியும்" என்றாள்.

"கடிதத்துலயும் கையெழுத்துப் போடல."

"அதுவும் தெரியும். பேனாவ உன் பக்கம் தள்ளி வெச்சேன்ல." வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "மெங்காகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"அப்போ என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது, லிவியா?" கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதன்பின் நெல் சதுப்பில் மெங்காவின் ஊர்ப் பங்குச்சாமிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். மெங்காவுக்கு ஒரு அண்ணன் இருந்ததாகச் சமையற்கட்டில் சொன்னார்கள். அவனுக்காவது நடந்ததைப் படித்துக்காட்டச் சொல்லி, என் பெயரை முழுசாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அறுவடை முடிந்து பதில் வந்தது. அண்ணன் குடும்பம் முழுக்க முந்தின வருஷக் காய்ச்சலில் போய்விட்டது, அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.